டிரைவிங் டெஸ்ட்ல ஃபெயில் ஆயிட்டீங்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் லைசென்ஸ் வாங்குனது மூணாவது தடவைல. அதுக்கப்புறம் வீட்லயும் ஆபீஸ்லயும் தெரிஞ்சவங்க யாரு டெஸ்ட்டுக்கு போனாலும் என்கிட்ட தான் கேக்குறாங்க, கேள்வியும் திரும்பத் திரும்ப அதே தான், அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வெச்சிடறேன். ரூல்ஸ் நாட்டுக்கு நாடு மாறும், உங்க எடத்துல என்னன்னு நீங்க ஒரு தடவ பாத்துக்கோங்க.

நான் நல்லா தான் ஓட்டுறேன், அப்புறம் ஏன் ஃபெயில் பண்ணாங்க?

இந்தக் கேள்விய கேக்கும்போது ஒவ்வொருத்தர் முகத்துலயும் இருக்குற வலி எனக்குத் தெரியும், நானும் அதே முகத்தோட வீட்டுக்கு வந்தவன் தான்.

நல்லா ஓட்டுறது வேற, நல்லா ஓட்டுறோம்னு பக்கத்துல உக்காந்திருக்கவருக்குத் தெரியுற மாதிரி ஓட்டுறது வேற. மிரர நீங்க கண்ண மட்டும் நகத்தி பாத்திருப்பீங்க, அது அவருக்குத் தெரியாது, பாக்கலன்னு தான் எழுதுவாரு. அதனால மிரர் பாக்கும்போது தலையயும் கொஞ்சம் திருப்புங்க. லேன் மாறும்போது தோளுக்கு மேல திரும்பி பாருங்க.

இன்னொண்ணு, மார்க் போடுற முறை. பல நாட்டுல சின்ன தப்பு, பெரிய தப்புன்னு பிரிச்சு வெச்சிருக்காங்க. பிரிட்டன்ல கார் டெஸ்ட்ல சின்ன தப்பு 15 வரைக்கும் விடுவாங்க, ஆனா பெரிய தப்பு ஒண்ணே ஒண்ணு வந்தாலும் முடிஞ்சுது. பிரான்ஸ்ல 31க்கு 20 எடுத்தா பாஸ், ஆனா ஆபத்தான தப்பு ஒண்ணு பண்ணிட்டா எத்தன மார்க் இருந்தாலும் ஃபெயில் தான். முப்பது நிமிஷம் அருமையா ஓட்டிட்டு ஒரு ஜீப்ரா கிராஸிங்ல நடந்து வர்றவர கவனிக்காம போயிட்டா அந்த முப்பது நிமிஷம் உங்களக் காப்பாத்தாது. இத நான் அநியாயம்னு சொல்ல மாட்டேன், ரோட்லயும் அப்படித்தானே.

இந்த டெஸ்ட்டே எதுக்கு? முன்னாடியெல்லாம் இப்படி கெடுபிடி இல்லையே?

ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. 1893ல பாரிஸ் போலீஸ் ஒரு உத்தரவு போட்டாங்க, வண்டி ஓட்டிக் காட்டி சர்டிபிகேட் வாங்குனா தான் ரோட்டுக்கு வரலாம்னு. பிரிட்டன்ல ரொம்ப லேட். 1903ல லைசென்ஸ் வந்துடுச்சு ஆனா டெஸ்ட் கெடையாது, காசு கட்டுனா குடுத்துடுவாங்க. 1934ல ஒரே வருஷத்துல 7,000 பேருக்கு மேல ரோட்ல செத்தாங்க, அப்போ இருந்த வண்டி எண்ணிக்கை இன்னைக்கு இருக்கறதுல ஒரு சின்ன பங்கு தான், அப்படியும் இத்தன சாவு. அதுக்கப்புறம் தான் 1935 ஜூன் 1லேர்ந்து டெஸ்ட் கட்டாயம்னு ஆச்சு. அதுலயும் 1934 ஏப்ரலுக்கு முன்னாடியே ஓட்ட ஆரம்பிச்சவங்களுக்கு டெஸ்ட் வேண்டாம்னு விட்டுட்டாங்க, அவங்க கடைசி வரைக்கும் டெஸ்ட் இல்லாமலே ஓட்டுனாங்க. "எங்களுக்கு மட்டும் ஏன்"ங்கற கேள்வி அன்னைக்கே இருந்திருக்கும்.

டெஸ்ட் வேண்டாம்னு நான் சொல்ல வரல. ஒழுங்கான டெஸ்ட் வேணும்னு சொல்றேன்.

செலவு ஏன் இவ்ளோ ஆகுது? டெஸ்ட் ஃபீஸ் கம்மியா தானே போட்டிருக்காங்க?

ஃபீஸ் தான் அதுல சின்னது. ஒரு தடவ பேப்பர்ல எழுதி பாருங்க. பழகுநர் லைசென்ஸுக்கு ஒரு ஃபீஸ், கண்ணு டெஸ்ட், மெடிக்கல், போட்டோ, கிளாஸ் ஃபீஸ், தியரி டெஸ்ட் ஃபீஸ், ஓட்டுற டெஸ்ட் ஃபீஸ், அன்னைக்கு வண்டி வாடகை, டெஸ்ட்டுக்கு முன்னாடி "கை பழகணும்"னு எக்ஸ்ட்ரா ஒரு மணி நேர கிளாஸ், இதெல்லாம் போக ஒரு நாள் லீவு. மாச சம்பளக்காரருக்கு லீவு, தினக்கூலிக்கு போறவருக்கு அது ஒரு நாள் கூலி. ஃபெயில் ஆனா இதுல பாதிக்கு மேல திரும்ப முதல்லேர்ந்து.

எனக்கு உண்மையிலயே கோவம் வர்ற எடம் இது தான். வீட்ல கார் இருக்குறவன் சாயங்காலம் அப்பா பக்கத்துல உக்கார, காலி ரோட்ல சும்மா ஓட்டி பழகிடறான். வீட்ல கார் இல்லாதவன் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் காசு குடுத்து பழகணும், அதனால கம்மியா பழகுவான், கம்மியா பழகுறதால ஃபெயில் ஆவான், ஃபெயில் ஆனதால திரும்ப காசு கட்டுவான். யாருகிட்ட காசு கம்மியோ அவங்க தான் ஒரே லைசென்ஸுக்கு அதிகமா குடுக்குறாங்க. லைசென்ஸ் கெடச்சா டெலிவரிக்கோ டிரைவர் வேலைக்கோ போகலாம்னு நெனச்சு தான் அவங்க வர்றதே.

இத சரி பண்ண பாத்த நாடுகளும் இருக்கு. பிரான்ஸ்ல 2005ல வட்டி இல்லாத கடன் திட்டம் ஒண்ணு கொண்டு வந்தாங்க, ஒரு நாளைக்கு ஒரு யூரோங்கற கணக்குல இளைஞருங்க கிளாஸ் ஃபீஸ கட்டலாம், வட்டிய அரசாங்கம் பாத்துக்கும். அதே பிரான்ஸ்ல 15 வயசுலேர்ந்து வீட்ல பெரியவங்க பக்கத்துல உக்கார 3,000 கிலோமீட்டர் ஓட்டி பழகுற முறையும் இருக்கு. நல்ல முறை தான், ஆனா அதுக்கும் வீட்ல கார் வேணும் பாருங்க.

ஜெர்மனில வேற மாதிரி. அங்க கார் லைசென்ஸுக்கு 12 ஸ்பெஷல் கிளாஸ் கட்டாயம், ஊருக்கு வெளிய 5, ஹைவேல 4, இருட்டுல 3. செலவு ஏறத்தான் செய்யும். ஆனா ராத்திரில எதிர்ல வர்ற ஹெட்லைட் கண்ணுல அடிக்கும்போது என்ன பண்றதுன்னு லைசென்ஸ் வாங்குறதுக்கு முன்னாடியே ஒருத்தர் கத்துக் குடுக்குறாரு. அந்த மாதிரி செலவுக்கு நான் குறை சொல்ல மாட்டேன். ஒண்ணுமே கத்துக் குடுக்காம ஃபெயில் ஃபெயில்னு சொல்லி வாங்குற காசு தான் வயிறு எரியுது.

எக்ஸாமினர் மனசு வெச்சா தான் பாஸா? தினமும் இத்தன பேர ஃபெயில் பண்ணணும்னு கணக்கு இருக்கா?

இருக்குன்னு எல்லா நாட்டுலயும் பேசிக்கிறாங்க. அத நான் நம்பல, ஆனா அப்படி ஒரு பேச்சு ஏன் வருதுன்னு புரியுது. ஒரே தப்ப ஒருத்தர் சின்னதுன்னு எழுதுவாரு, இன்னொருத்தர் பெருசுன்னு எழுதுவாரு. எதிர்ல வண்டி வரும்போது நீங்க திரும்புனீங்க, அந்த வண்டி லேசா ஸ்லோ பண்ண வேண்டியதாயிடுச்சு, இது சின்ன தப்பா பெரிய தப்பா? மனுஷங்க தானே முடிவு பண்றாங்க. அதுவும் இல்லாம ஒருத்தருக்கு டிராஃபிக் இல்லாத நேரம் கெடைக்கும், இன்னொருத்தருக்கு ஸ்கூல் விடுற நேரம், மழை வேற.

அதனால தான் நான் சொல்றேன், எக்ஸாமினர் கண்டிப்பா இருக்கறது பிரச்சனை இல்ல, அவர் என்ன பாத்தாருன்னு நமக்குத் தெரியாம போறது தான் பிரச்சனை.

ஃபெயில்னு மட்டும் சொன்னாங்க, காரணம் சொல்லல. கேக்கலாமா?

கேளுங்க. கண்டிப்பா கேளுங்க. இந்த முழு பதிவையும் நான் எழுதுறதே இந்த ஒரு பதிலுக்காகத்தான்னு கூட சொல்லலாம்.

என் முதல் டெஸ்ட். ரிவர்ஸ் பார்க்கிங். நான் பழகுன வண்டி வேற, அன்னைக்கு குடுத்த வண்டி வேற, அதோட கிளட்ச் ரொம்ப மேல வந்து தான் பிடிக்கும். கால மெதுவா எடுக்குறேன் எடுக்குறேன் வண்டி நகரவே இல்ல, இன்னும் கொஞ்சம் எடுத்தேன், பொசுக்குனு பின்னாடி போச்சு, கடைசி கோன்ல டக்குனு ஒரு சத்தம். கோன் விழல, ஆடிட்டு நின்னுடுச்சு. நான் மிரர்ல அந்த கோனயே பாத்துட்டு இருந்தேன். அவர் பேனாவ மூடி பாக்கெட்ல வெச்சிட்டு "சரியில்ல, அடுத்த தடவ வாங்க"ன்னு சொல்லிட்டு எறங்கிட்டாரு. அவ்ளோ தான். கோன் பட்டதாலயா, வண்டி திடீர்னு போனதாலயா, திரும்பி பாக்காததாலயா, எதுக்குன்னே தெரியல. நான் அடுத்த ஒரு மாசம் கோன் இடிக்காம இருக்குறதுக்கே பழகுனேன், காசு குடுத்து.

ரெண்டாவது டெஸ்ட்ல ஒரு கோன்லயும் படல. திரும்பவும் ஃபெயில். ஆனா இந்த தடவ வேற எக்ஸாமினர், நான் கேக்காமலே அவர் மார்க் போட்ட ஷீட்ட காட்டுனாரு. ரெண்டு எடத்துல டிக், டிக்னா அங்க தப்புன்னு அர்த்தம். ரெண்டும் ஒரே வரிசை, "பின்னால் கவனித்தல்". "தம்பி, ரிவர்ஸ் எடுக்கும்போது மிரர மட்டும் தான் பாக்குறீங்க, மிரர்ல தெரியாத எடத்துல ஒரு கொழந்த நின்னா?"ன்னு கேட்டாரு. எனக்கு அப்போ தான் புரிஞ்சுது, முதல் டெஸ்ட்லயும் இது தான் காரணமா இருந்திருக்கணும். ஒரு மாச காசும் ஒரு மாச உழைப்பும் தப்பான எடத்துல போயிருக்கு, ஒரே ஒரு வாக்கியம் சொல்லாததால.

ஃபெயில் பண்றது அநியாயம் இல்லைங்க. ஏன்னு சொல்லாம ஃபெயில் பண்ணி அடுத்த ஃபீஸ் வாங்குறது தான் அநியாயம். ஜெர்மனில 2021லேர்ந்து எக்ஸாமினருங்க டேப்லெட்ல தான் குறிக்கிறாங்க, டெஸ்ட் நேரத்த 45 நிமிஷத்துலேர்ந்து 55 ஆக்குனாங்க, முடிஞ்சதும் எங்க என்ன குறைன்னு சொல்லி விவரமான அறிக்கையும் குடுக்குறாங்க. எல்லா எடத்துலயும் இது வந்தா பாதி பேரோட கோவம் அடங்கிடும்.

எப்படி கேக்கறதுன்னா, சண்டை போடுற மாதிரி கேக்காதீங்க. "சார், நான் எத சரி பண்ணணும்னு மட்டும் சொல்லுங்க, அடுத்த தடவ பண்ணிட்டு வர்றேன்"னு கேளுங்க. "ஏன் சார் ஃபெயில் பண்ணீங்க"ன்னு ஆரம்பிச்சா அவர் தன்ன காப்பாத்திக்கத்தான் பாப்பாரு. எக்ஸாமினர் பக்கமும் பயம் இருக்கு, பிரான்ஸ்ல ஃபெயில் ஆனவங்க எக்ஸாமினர அடிக்கப் போன சம்பவமெல்லாம் நடந்து, இப்போ ரிசல்ட்ட நேர்ல சொல்றதில்ல, அப்புறமா ஆன்லைன்ல தான் பாத்துக்கணும்.

காசு குடுத்து பாஸ் பண்றவங்க இருக்காங்களே, நானும் அப்படியே வாங்கிடட்டுமா?

வேண்டாம். உபதேசம் பண்ண வரல, ஒரு ஆய்வு பத்தி மட்டும் சொல்றேன், படிச்சுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. டெல்லில லைசென்ஸுக்கு வந்த 822 பேர பின்தொடர்ந்து பண்ண ஆய்வு, 2007ல வெளியாச்சு. ஒரு குரூப்புக்கு சீக்கிரம் லைசென்ஸ் வாங்குனா பரிசுப் பணம்னு சொன்னாங்க, இன்னொரு குரூப்புக்கு இலவசமா டிரைவிங் கிளாஸ் குடுத்தாங்க, மூணாவது குரூப்புக்கு ஒண்ணும் இல்ல. கடைசில லைசென்ஸ் வாங்குனவங்கள்ல 71 சதவீதம் பேர் ஓட்டிக் காட்டுற டெஸ்ட்டே குடுக்கல, பெரும்பாலும் ஏஜென்ட் மூலமா வாங்கிட்டாங்க. ஆய்வு பண்ணவங்க தனியா ஒரு டெஸ்ட் வெச்சு பாத்தா 62 சதவீதம் பேருக்கு ஒழுங்கா ஓட்டவே தெரியல.

இதுல என்ன உலுக்குனது வேற. ஏஜென்ட் இல்லாம நேரா போனவங்கள, ஓட்டத் தெரியுமா தெரியாதாங்கறத பாக்காம இஷ்டத்துக்கு ஃபெயில் பண்ணிருக்காங்க, அதனால ஜனங்க ஏஜென்ட்கிட்ட ஓடுறாங்க. அதாவது காரணம் சொல்லாத ஃபெயில் தான் லஞ்சத்துக்கு வாசக்கதவு. கஷ்டப்பட்டு பழகுனவனும் ஃபெயில், பழகாதவனும் ஃபெயில்னா பழகி என்ன பிரயோஜனம்னு தானே தோணும்.

ஆனாலும் வேண்டாம்னு தான் சொல்வேன். காசு குடுத்து வாங்குன லைசென்ஸ் உங்க பாக்கெட்ல இருக்கும், ரோட்ல சைக்கிள்ல போற பையனுக்கு அது தெரியாது.

ஃபெயில் ஆனா திரும்ப ஃபீஸ் வாங்கக் கூடாதுன்னு சட்டம் போட்டா என்ன?

நியூசிலாந்துல பண்ணாங்க. 2023 அக்டோபர்லேர்ந்து திரும்ப டெஸ்ட் குடுக்க ஃபீஸ் கெடையாதுன்னாங்க. கேக்கவே எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. ஆனா தயாராகாதவங்களும் சும்மா வந்து பாத்துட்டு போக ஆரம்பிச்சதும் க்யூ நீண்டுடுச்சு, அடுத்த வருஷமே இலவசம் ஒரு தடவ மட்டும் தான்னு மாத்திட்டாங்க. என்னக் கேட்டா அந்த ஒரு தடவங்கறது நல்ல கணக்கு. ஒரு கெட்ட நாள் யாருக்கும் வரலாம், அதுக்கு காசு வாங்கக் கூடாது.

ஸ்லாட்டே கெடைக்க மாட்டேங்குது, மாசக்கணக்கா வெயிட்டிங். என்ன பண்ண?

இதுவும் செலவு தான், யாரும் கணக்குல சேக்கறதில்ல. வெயிட் பண்ற வரைக்கும் கை மறந்துடக் கூடாதுன்னு கிளாஸ் போயிட்டே இருக்கணும். பிரிட்டன்ல தானா இயங்குற புரோகிராம் வெச்சு ஸ்லாட்ட மொத்தமா புடிச்சு அதிக விலைக்கு விக்கிற வேலையே நடந்துச்சு. வெளி ஆளுகிட்ட ஸ்லாட் வாங்காதீங்க, உங்க விவரமெல்லாம் அவன் கைக்கு போயிடும். கேன்சல் ஆகுற ஸ்லாட் திடீர் திடீர்னு வரும், காலைல ஒரு தடவ ராத்திரி ஒரு தடவ அதிகாரப்பூர்வ சைட்ல நீங்களே பாருங்க. தயாரா இல்லன்னா உங்க ஸ்லாட்ட கடைசி நேரம் வரைக்கும் வெச்சிருக்காம முன்னாடியே விட்டுக் குடுங்க, இன்னொருத்தருக்கு உதவும்.

டெஸ்ட் வண்டி வேறயா இருந்தா என்ன பண்றது?

மேல சொன்ன கிளட்ச் கதை தான். எந்த வண்டில டெஸ்ட்னு முன்னாடியே கேட்டு அதே வண்டில ஒரு மணி நேரமாவது ஓட்டிடுங்க. முடியலன்னா ஏறி உக்காந்ததும் அவசரப்படாதீங்க. சீட்ட சரி பண்ற நேரத்துல கிளட்ச ரெண்டு தடவ முழுசா அமுக்கி விட்டுப் பாருங்க, பிரேக் எவ்ளோ ஆழம் போகுதுன்னு பாருங்க, மூணு மிரரயும் சரி பண்ணுங்க. இதுக்கு யாரும் மார்க் கொறைக்க மாட்டாங்க.

ஆட்டோமேட்டிக்ல டெஸ்ட் குடுத்தா ஈஸியா?

வண்டி ஆஃப் ஆகுற பயம் இல்ல, அது பெரிய நிம்மதி. ஆனா பல நாட்டுல அந்த லைசென்ஸோட கியர் வண்டி ஓட்டக் கூடாது, வேலைக்காக வாங்குறீங்கன்னா யோசிச்சுக்கோங்க.

கேமராவும் சென்சாரும் வெச்சா நியாயம் வந்துடுமா?

கோட்ட தொட்டீங்களா இல்லையான்னு சென்சார் சொல்லிடும், அதுல யாரும் ஏமாத்த முடியாது, அது நல்லது. ஆனா எதிர்ல ஒரு வயசானவங்க ரோட்ட தாண்டலாமா வேண்டாமான்னு தயங்கி நிக்கும்போது நீங்க கால பிரேக் மேல கொண்டு போனீங்களாங்கறத அது பாக்காது. மூடுன மைதானத்துல வளைஞ்சு வளைஞ்சு ஓட்டிக் காட்டுறது மட்டும் டெஸ்ட்டா இருந்தா, அந்த வளைவுக்கு மட்டும் பழகிட்டு வந்துடுவாங்க. ரெண்டும் வேணும், மெஷின் பாக்க வேண்டியத மெஷின் பாக்கட்டும், ரோட்ல மனுஷன் பாக்கட்டும், ரெண்டு பேரும் பாத்தத எழுதி கைல குடுக்கட்டும்.

டெஸ்ட்னாலே கை நடுங்குது. வீட்ல சூப்பரா ஓட்டுறேன்.

பயம் போகாது, பயத்தோட ஓட்ட பழகிக்கணும். உங்களுக்கு அவ்வளவா பழக்கம் இல்லாத ஒருத்தர பக்கத்துல உக்கார வெச்சு, முப்பது நிமிஷம் அவர் வழி மட்டும் சொல்லணும் வேற எதுவும் பேசக் கூடாதுன்னு சொல்லி ஓட்டி பாருங்க. அந்த அமைதி தான் டெஸ்ட்ல ஆள கொல்லுது, அதுக்கு முன்னாடியே பழகிட்டா பாதி நடுக்கம் போயிடும். நடுவுல ஒரு தப்பு பண்ணிட்டா அத அங்கயே விட்டுடுங்க, அது சின்ன தப்பா தான் இருக்கும், அதையே நெனச்சுட்டு ஓட்டும்போது தான் பெரிய தப்பு வரும்.

அஞ்சு தடவ ஃபெயில் ஆயிட்டேன். விட்டுடலாம்னு இருக்கேன்.

என் அண்ணியும் இதே வார்த்தைய தான் சொன்னாங்க, அஞ்சாவது ஃபெயிலுக்கு அப்புறம். அவங்களுக்கு கொழந்தைங்கள வெச்சுக்கிட்டு கிளாஸுக்கு போக நேரம் கெடைக்கிறதே பெருசு, காசும் கரைஞ்சுட்டே இருந்துச்சு, வீட்ல பேச்சு வேற. அவங்க டெஸ்ட் குடுத்த எடத்துல ஷீட் குடுப்பாங்க, ஆனா ஒவ்வொரு தடவயும் மனசு விட்டுப் போயி மடிச்சு பைல போட்டுடுவாங்க, பிரிச்சே பாத்ததில்ல. நான் அஞ்சையும் வாங்கி தரைல வரிசையா வெச்சேன். ரெண்டு பேரும் உக்காந்து பாத்தோம். நாலு ஷீட்ல ஒரே எடத்துல டிக், லேன் மாறும்போது தோளுக்கு மேல பாக்கல. அண்ணி ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "இத யாருமே என்கிட்ட வாயால சொல்லலியே"ன்னாங்க.

அதுக்கப்புறம் ரெண்டு வாரம் வேற எதுவும் பழகல. வீட்ல நாற்காலில உக்காந்து கூட இண்டிகேட்டர், மிரர், தோள்னு சொல்லி சொல்லி திரும்பிப் பாப்பாங்க, பசங்களும் பின்னாடி உக்காந்து கூடவே சொல்லுவாங்க. ஆறாவது ஷீட்ல சின்ன தப்பு நாலு இருந்துச்சு, அந்த வரிசைல மட்டும் டிக் இல்ல. பாஸ்.